பிச்சுமணி சாருக்கு மட்டும் தனி ஸ்கோர்

ஊருக்கெல்லாம் ஒரு மார்க் லிஸ்ட், உங்களுக்கு மட்டும் வேறொரு மார்க் லிஸ்ட் என்று ஒருவன் தினமும் அடித்துக் கையில் கொடுத்தால், எத்தனை நாளில் கண்டுபிடிப்பீர்கள்? அவசரப்பட்டு ஒரே நாளில் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த லிஸ்டில் நீங்கள்தான் முதல் ரேங்க். முதல் ரேங்க் வாங்கினவன் எவன் போய் மறுகூட்டல் கேட்டிருக்கிறான்?

பிச்சுமணிக்கு நாற்பத்தோரு நாள் ஆயிற்று. ஆபீஸ் நாளை மட்டும் எண்ணினால், சபரிமலைக் கணக்கில் சரியாக ஒரு மண்டலம்.

2005-ல் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் நாலாவது மாடியில் இயங்கிய ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவர் அட்மினிஸ்ட்ரேஷன் மேனேஜர். ஐம்பத்திரண்டு வயது. கரமனை அக்ரஹாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். பேனா வேண்டுமென்றாலும் நாற்காலிக்குச் சக்கரம் வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். கொசு அடிக்கக்கூட யோசிக்கிற மனுஷன். அந்த மனுஷன் தினமும் மத்தியானம் ஒன்றே முக்காலுக்குள் பதினைந்து பேரைச் சுட்டுத் தள்ளிவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட உட்கார்ந்தார் என்றால், அதற்குக் காரணம் சாம்பசிவன்.

சாம்பசிவன் சங்கரன்கோவில்காரன். கம்பெனியின் கம்ப்யூட்டர்களையும் சர்வரையும் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஜன்னல் இல்லாத சர்வர் ரூமில், மார்கழிக் குளிரில், நாள் முழுக்க ஒற்றையாக உட்கார்ந்திருப்பான். ஹாலில் இருக்கிற முப்பத்தெட்டு பேருக்கும் அவன் ஞாபகம் வருவது பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொள்ளும்போதுதான். "பிரிண்டர் ஆளை விளி" என்பார்கள். அறையில் அவன்கூடத் தங்கியிருந்த இரண்டு பேரும் ராத்திரி ஷிப்ட்காரர்கள். சாம்பசிவன் வருஷம் ஒன்றாக அவர்களுடைய தூங்குகிற கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு போன். அவ்வளவுதான் அவன் பேச்சுவார்த்தை.

அவனுக்கு ஒரே ஒரு முக்கால் மணி நேரம் இருந்தது. மத்தியானம் ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை ஆபீஸில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடினார்கள். அவரவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரே மைதானத்தில் சுட்டுக்கொள்வது. அதற்கான சர்வரை ஓட்டியவன் சாம்பசிவன். அந்த நேரத்தில் மட்டும் அவனும் ஹாலில் வந்து உட்கார்ந்து ஆடுவான், சுவருக்குச் சுவர் அவன் பெயர் ஒலிக்கும். "எடா சாம்பா, பொறகில ஆளு." "சாம்பா, நீ சத்தாச்சு, சும்மா கிட." செத்தாலும் பெயர் சொல்லிச் சாகடித்தார்கள். அவனுக்கு அது போதும்.

அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் பிச்சுமணி உலை வைத்தார். யாரோ ஒரு கிளையண்ட் வந்தபோது ஹாலிலிருந்து "தலையில வெடி" என்று ஆட்டத்தில் இருந்த அபின் கத்தியது அவர் காதில் விழுந்துவிட்டது. சாம்பசிவனைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமையோட இந்தக் கூத்தெல்லாம் நிப்பாட்டிடு, கேட்டியா" என்றார்.

ஸ்ரீலட்சுமிதான் யோசனை சொன்னாள். ஆபீஸில் அவளைவிடக் குறி பார்த்துச் சுடுகிறவர் கிடையாது. நாஞ்சில்நாட்டு வம்சம், பிறந்து வளர்ந்ததெல்லாம் திருவனந்தபுரம். "நீ சாரை ஒரு தடவை ஆட வை மக்கா. ருசி கண்டாச்சுன்னா அவரே நிறுத்த மாட்டாரு."

புதன்கிழமை பிச்சுமணி ஆடினார். தமது கேபின் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆடினார். பதினாலு முறை செத்தார். ஒருத்தரையும் சுடவில்லை. அதில் இரண்டு முறை அவரை யாரும் கொல்லவுமில்லை, தாமே மாடியிலிருந்து விழுந்தார். வெளியே வந்தவர் முகம் சுண்டியிருந்தது. "ரத்தவெறி பிடிச்ச ஆட்டம். சொன்னது சொன்னதுதான். வெள்ளிக்கிழமைக்கு மேல இது இருக்கப்படாது" என்றார்.

சாம்பசிவனுக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை முழுக்க சர்வர் ரூமை விட்டு வெளியே வராமல் ஒரு காரியம் செய்தான்.

அது என்ன காரியம் என்று சொல்ல வேண்டும். விளையாட்டில் ஒருவன் விழுந்தால், சர்வர் உடனே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பும். பாக்கெட் என்பார்கள். இன்னார் இன்னாரைச் சுட்டார், இன்னார் ஸ்கோர் இப்போது இத்தனை என்று அதற்குள் இருக்கும். ஒவ்வொருவர் திரையும் தன் வாசலுக்கு வந்த பொட்டலத்தைப் பிரித்து, அதில் உள்ளதை அப்படியே காட்டும். தானாக எதையும் கூட்டிப் பார்க்காது. சாம்பசிவன் சர்வருக்குள் ஒரு பிளகின் எழுதி வைத்தான். தபாலாபீஸில் கடிதம் பிரிக்கிற மேஜைக்குப் பக்கத்தில் ஒரு திருட்டு குமாஸ்தாவை உட்கார்த்தி வைக்கிற மாதிரி. மற்றவர்களுக்குப் போகிற பொட்டலத்தை அந்தக் குமாஸ்தா தொட மாட்டான். பிச்சுமணியின் கேபின் கம்ப்யூட்டர் நம்பருக்குப் போவதை மட்டும் வழியில் மறித்து, பிரித்து, சுட்டவர் பெயரை அடித்துவிட்டு "பிச்சுமணி" என்று எழுதி, அவர் ஸ்கோரை ஏற்றி, சுட்டவர் ஸ்கோரை இறக்கி, மறுபடி ஒட்டி அனுப்பிவிடுவான்.

யாரிடமும் படித்ததில்லை. இணையத்தில் எவனோ எவனுக்கோ சொன்ன பதில்களைப் பார்த்துப் பார்த்து எழுதினது. அன்றைய மத்தியான ஆட்டத்தில் பிச்சுமணி பெயரில் தானே நுழைந்து சோதித்தபோது, முதல் தடவை எல்லோருடைய ஸ்கோரும் காணாமல் போயிற்று. இரண்டாம் தடவை எல்லோர் திரையிலும் பிச்சுமணி முதலிடம் வந்தார். ஸ்ரீலட்சுமி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். மூன்றாம் தடவை சரியாக விழுந்தது.

ஒரு நிபந்தனை வைத்திருந்தான். பிச்சுமணி சுட்டு இரண்டு நொடிக்குள் எங்கேயாவது யாராவது செத்தால், அந்தச் சாவு அவர் கணக்கு. பிச்சுமணி சுடத் தொடங்கினால் விரலை எடுக்க மாட்டார். ஆகாயத்தையும் சுவரையும் சல்லடையாக்குவார். அதனால் வெள்ளிக்கிழமை, கடைசியாக ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி அவரை உட்கார வைத்தபோது, முதல் ஐந்து நிமிஷத்திலேயே அவர் திரையில் முப்பத்தொரு பிணம் விழுந்தது. சாம்பசிவன் பதறிப்போய் மூன்றில் ஒன்று மட்டும் அவருக்கு என்று மாற்றினான்.

கேபின் கதவு திறந்தது. பிச்சுமணி வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி பேண்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"அபின், உன்னை அந்தப் பெட்டிக்குப் பின்னாடி வெச்சுத் தீத்துட்டேன், பாத்தியோ?"

அபினைச் சுட்டது ஸ்ரீலட்சுமி. அபின் அவளைப் பார்த்தான், சாம்பசிவனைப் பார்த்தான். "கண்டு சாரே. எந்தொரு குறியாணு" என்று மெச்சினான்.

"குறிங்கறது ரத்தத்துல இருக்கணும்" என்றார் பிச்சுமணி. "செரி. இன்னும் ஒரு வாரம் ஓடட்டும். பார்ப்போம்."

அந்த ஒரு வாரம் இரண்டு மாதமானது.

சும்மா ஓடவில்லை. ஆளாளுக்கு நடிக்க வேண்டியிருந்தது. முதல் ஒரு நிமிஷம் பிச்சுமணியை எவரும் சுடக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அவர் உயிரோடு இருந்தால்தானே சுடுவார், சுட்டால்தானே பிளகின் வேலை செய்யும். அவர் வீட்டு கம்ப்யூட்டரைச் சரிசெய்யச் சாம்பசிவன் ஒருமுறை கரமனைக்குப் போனபோது, அவர் மனைவி மங்கலம் காபியைக் கொடுத்துவிட்டு, "ஏம்ப்பா, அவருக்கு அங்க என்ன வேலை குடுக்கறேள்? தூக்கத்துல 'கவர் பண்ணு, கவர் பண்ணு'ங்கறார். எதை மூடச் சொல்றார்னே தெரியலை" என்றாள்.

எல்லோரையும்விட வயிறு எரிந்தது ஸ்ரீலட்சுமிக்கு.

"எனக்க கொலை எல்லாத்தையும் தூக்கி அவருக்க பேரில எழுதிட்டியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"உன் ஸ்க்ரீன்ல உனக்குத்தான காட்டுது. அவரு ஸ்க்ரீன்ல என்ன இருந்தா உனக்கென்ன?"

"அவரு கேன்டீன்ல வெச்சு எனக்கு கிளாஸ் எடுக்காரு. எப்படிக் குறி பாக்கணும்னு. இடது கண்ணை மூடணுமாம். மானிட்டர் முன்னால இருந்து எதுக்கு கண்ணை மூடணும்?"

"மூடேன். ஆட்டம் நடக்கில்லா."

அவள் முறைத்தாள். மறுநாள் சட்டத்தை மீறி, ஆட்டம் தொடங்கின பத்தாவது நொடியில் பிச்சுமணியின் நெற்றியில் ஒன்று போட்டாள். கேட்டதற்கு, கை தவறிவிட்டது என்றாள். அது அந்த வாரம் மூன்று தடவை தவறியது.

நாற்பத்தோராவது நாள் ஹர்த்தால்.

எந்தக் கட்சி, எதற்கு என்பதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது, டீக்கடை கிடையாது. கம்பெனிக்கு அன்று அவசரமாக ஒரு வேலையை அனுப்பியாக வேண்டும். அதனால் டிரைவர் சுவாமிதாஸ் விடிவதற்கு முன்பே வேனை எடுத்துப் போய், கிடைத்த பதினொரு பேரை அள்ளிக்கொண்டு ஐந்தே முக்காலுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பிச்சுமணியும் அதில் வந்தார். இனி ஆறு மணி வரை யாரும் எங்கும் போக முடியாது. வேலை பதினொன்றரைக்கே முடிந்துவிட்டது.

"இன்னிக்கு ஃபுல் மேட்ச்" என்று கையைத் தேய்த்தார் பிச்சுமணி. கேபினுக்குப் போனவர் அப்படியே திரும்பி வந்தார். கேபின் பூட்டியிருந்தது. சாவி ஓமனாவிடம். ஆபீஸைத் திறந்து பெருக்குகிறவள் அவள். ஸ்ரீகாரியத்தில் அவள் வீட்டுக்குப் போய்வர அன்றைக்கு வழியில்லை. மெயின் கதவுச் சாவிதான் வாட்ச்மேனிடம் இருந்தது.

"போறது. நான் ஹால்லயே உக்காந்துக்கறேன்" என்று வராத ஒருவனுடைய இடத்தில் போய் உட்கார்ந்தார்.

பிளகினுக்குப் பிச்சுமணியின் முகம் தெரியாது. கேபின் கம்ப்யூட்டரின் நம்பர்தான் தெரியும். இந்த இடத்தில் உட்கார்ந்து ஆடினால் அவருக்கு உள்ளது உள்ளபடி போய்ச் சேர்ந்துவிடும். சைபர் கொலை, பதினாலு சாவு. அதோடு சாயங்காலமே ஆட்டத்துக்கு மூடுவிழா.

"ஒரு நிமிஷம் சார், சர்வர் லேசா இழுக்குது" என்று சாம்பசிவன் எழுந்து சர்வர் ரூமுக்கு ஓடினான். உள்ளே போய், பழைய நம்பரை அழித்து, அந்த இருக்கையின் நம்பரை அடித்து, இரண்டு தடவை சரிபார்த்து, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கிவிட்டு வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் ஸ்ரீலட்சுமி புருவத்தை உயர்த்தினாள். அவன் கட்டைவிரலைக் காட்டினான். அவனுக்கே தன்னைப் பிடித்துப்போன ஒரு நொடி அது.

ஆள் குறைவாக இருந்ததால் சுவாமிதாஸையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பாறசாலைக்காரர். ஸ்டியரிங் பிடித்த கை, மவுஸைப் பிடித்தால் அதையும் வளைத்து வளைத்துத் திருப்பினார். அவர் உட்கார்ந்தது பிச்சுமணிக்கு அடுத்த நாற்காலியில்.

அரை மணி நேரம் அமர்க்களமாகப் போயிற்று.

"தீர்ந்தான்" என்பார் பிச்சுமணி. "அடுத்தவன். அவனும் தீர்ந்தான். சுவாமிதாஸ், இப்படிப் பிடிக்கணும் கேட்டியா, இடது கண்ணை மூடிக்கோ."

"செரி சாரே."

"எத்தனை ஆச்சு பார், பதினேழு. ஸ்ரீலட்சுமி ஒன்பது. பொம்மனாட்டிக்கு ஒன்பதுங்கறது மோசமில்லை."

ஸ்ரீலட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளபடி அவள் இருபத்திரண்டு.

சுவாமிதாஸ் தம் திரையை ஒருமுறை பார்த்தார். பிச்சுமணியின் திரையை எட்டிப் பார்த்தார். மறுபடி தம் திரையைப் பார்த்தார். அந்த மனிதருக்கு இதில் சூது வாது தெரியாது.

"சாரே, எனக்க பெட்டியில என்னவோ கேடு. உங்க பேரு இதுல கீழயாக்கும் கிடக்கு. சைபர்னு போட்டிருக்கு. எனக்கே ரெண்டு காட்டுது."

இருக்கை நம்பரை இரண்டு தடவை சரிபார்த்த சாம்பசிவனுக்கு இது தோன்றவேயில்லை. இத்தனை நாளும் பிச்சுமணி கேபினுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு திரை இருந்ததே இல்லை.

பிச்சுமணி சுவாமிதாஸின் திரையைப் பார்த்தார். தம்முடையதைப் பார்த்தார். ஒரே ஆட்டம், ஒரே பெயர்கள். இதில் அவர் தலை, அதில் வால்.

எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் நடக்கிற மாதிரி, ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் போய் நின்றார். அபின் திரை. ஸ்ரீலட்சுமி திரை. சாம்பசிவன் திரை. யாரும் மவுஸைத் தொடவில்லை. திரைகளில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு அசையாமல் நின்றார்கள். எல்லாத் திரையிலும் பிச்சுமணி கடைசி.

"சாம்பா. உள்ள வா."

சர்வர் ரூமில் நாற்காலி ஒன்றுதான். பிச்சுமணி அதில் உட்கார்ந்துகொண்டார். சாம்பசிவன் நின்றபடியே சொன்னான். பொட்டலம், மறிப்பது, பெயரை அடிப்பது, ஒட்டி அனுப்புவது, எல்லாம்.

"எனக்கு மட்டும்."

"ஆமா சார்."

"எல்லாருக்கும் தெரியும்."

"ஆமா சார்."

"சுவாமிதாஸுக்கு?"

"அவருக்குத் தெரியாது சார். அதான் சொல்லிட்டாரு."

பிச்சுமணி ஏசியைப் பார்த்தார். "நான் நெஜமாவே யாரையும் சுட்டதில்லையா? ஒரு தடவைகூட?"

பிளகின் தான் மாற்றுகிற பொட்டலங்களையும், நிஜமாகவே பிச்சுமணி பெயரில் வருவதையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டிருந்தது. வந்தது என்ன, போனது என்ன என்று. சாம்பசிவன் திறந்து காட்டினான். விரலை வைத்துத் தேடினான்.

"மூணு இருக்கு சார். அபினை ரெண்டு. என்னைய ஒண்ணு."

"உன்னையா? எப்போ?"

"போன மாசம் ஒரு செவ்வாக்கிழமை. மாடிப்படிக்குக் கீழ."

பிச்சுமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் நேக்குத் தெரியுமே. அன்னிக்குக் கையில ஒரு இது இருந்தது. நீ திரும்பறச்சே போட்டேன் இல்லையோ?"

"ஆமா சார். அது சுத்தமான அடி."

"ஆனா அதையும் நான் இப்போ நம்பறதா வேண்டாமா? நீதானே சொல்றே."

எந்தக் கோப்பைத் திறந்து காட்டினாலும், அதை எழுதினவனும் சாம்பசிவன்தான்.

"எதுக்குடா செஞ்சே? என்னை வெச்சுச் சிரிக்கவா?"

"சிரிச்சோம் சார். இல்லைங்கல. ஆனா அதுக்குச் செய்யல. நீங்க ஆட்டத்தை நிறுத்துறேன்னு சொன்னீங்க. எனக்கு மெமோ குடுங்க, என்ன வேணா குடுங்க. அதை மட்டும் நிறுத்திராதீங்க."

"அப்படி என்ன இருக்கு அதுல?"

"மத்த நேரத்துல எங்கூட யாரும் பேச மாட்டாங்க சார்."

பிச்சுமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மாட்டிக்கொண்டு அந்தக் கோப்பைக் காட்டினார்.

"இதை பிரிண்ட் எடு."

இருபத்திரண்டு பக்கம் வந்தது. நடுவில் ஒருமுறை பேப்பர் மாட்டிக்கொண்டது, சாம்பசிவனே இழுத்துவிட்டான். பிச்சுமணி பக்கங்களை அடுக்கி, ஸ்டேப்ளர் அடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல சொல்றேன்" என்றார்.

ஆறு மணிக்கு வேன் கிளம்பத் தயாரானது. சாம்பசிவனின் அறை நடக்கிற தூரம்தான், அவன் ஏறவில்லை. ஆனாலும் ஸ்ரீலட்சுமி ஜன்னலைத் திறந்து அவனைக் கூப்பிட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"நாளைக்குச் சொல்லுவாராம்."

"நிறுத்திடுவாரு, இல்லியா?"

"தெரியல."

"நான்தான் அவரை ஆட வைக்கச் சொன்னேன்னு சொல்லு மக்கா. திட்டு வந்தா பாதி எனக்கு."

வேனுக்குள் முன்சீட்டில் பிச்சுமணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுவாமிதாஸ், "அந்தப் பெட்டியைச் செரியாக்கியாச்சா சாரே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிச்சுமணி என்ன பதில் சொன்னார் என்பது வெளியே கேட்கவில்லை.

சாம்பசிவன் அறைக்குப் போனான். கால்கள் இரண்டு ஜோடி தூங்கிக்கொண்டிருந்தன. ஹர்த்தால் என்பதால் கடைகள் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. பசி இருந்தும் அவன் சாப்பிடப் போகவில்லை. நாளைக்கு ஒரு மணிக்கு ஹாலில் சத்தம் இருக்குமா இருக்காதா என்பதையே யோசித்துக்கொண்டு கிடந்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் குத்தியிருந்தது. மதிய ஆட்டம் ஒன்று முதல் ஒன்றே முக்கால் வரை வழக்கம்போல் நடக்கும். அட்மினிஸ்ட்ரேஷன் மேனேஜர் இனி ஹாலில் உட்கார்ந்து ஆடுவார். யாருடைய திரையிலும் ஸ்கோர் காட்டப்படாது. யார் யாரைச் சுட்டார் என்று ஒவ்வொரு சாவையும் எஸ். சாம்பசிவன் எல்லோருக்கும் கேட்கும்படி வாயால் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் ஆடக் கூடாது. கீழே பிச்சுமணி கையெழுத்துப் போட்டிருந்தார். ஹாலின் நடுவில் சாம்பசிவனுக்காக ஒரு ஸ்டூல் போடப்பட்டிருந்தது.